கரி போன பின் மிஞ்சும் மண்

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோட்டக்குப்பம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெரிய முதலியார்சாவடி. சாலைக்குக் கிழக்கே சவுக்கும் மணலும் கடலும். மேற்கே ஆரோவில் பக்கம் திரும்பி மேடேறினால் சீக்கிரத்திலேயே நிலத்தின் நிறம் மாறிவிடும். வெள்ளை மணல் போய்ச் செம்மண் வரும். முந்திரித் தோப்பு, பனை, மானாவாரி மல்லாட்டைக் கொல்லை, இடையிடையே மழைநீர் அறுத்துப்போட்ட ஆழமான ஓடைகள். வடக்கே போகப்போக நிலம் தாழ்ந்து, கழுவெளி ஏரியும் மரக்காணத்து உப்பளங்களுமாக விரியும்.

இந்த ஊரில் யாரும் கரி வெட்டியதில்லை. ஆனாலும் நிலக்கரி ஊர் ஒன்றின் நிலத்தையும் சுபாவத்தையும் புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவதே சுலபம். இங்கே மேட்டில் கிடக்கும் அதே செம்பாறைத் தொகுதிதான், தென்மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிக்கு மூடியாகக் கிடக்கிறது. நெய்வேலியில் அந்த மூடியை இயந்திரம் திறந்தது. முதலியார்சாவடிக்கு மேற்கே மழை திறந்தது. இயந்திரம் வெட்டிய இடத்துக்குள் நாம் நினைத்தபோது நுழைய முடியாது. மழை வெட்டிய இடத்தில் யாரும் இறங்கிப் பார்க்கலாம்.

மழை வெட்டிய சுவர்

புவியியலாளர்கள் இந்தப் பாறையைக் கடலூர் மணற்கல் என்கிறார்கள். கடலூரின் கேப்பர் மலை, பண்ருட்டியின் முந்திரிக் காடு, புதுச்சேரியின் கோரிமேடு, ஆரோவில் மேடு, திருவக்கரை எல்லாம் இந்தத் தொகுதியைச் சேர்ந்தவை. இந்தச் செம்மேடுகளில் போகிற இடமெல்லாம் முந்திரி கண்ணில் படுவது தற்செயல் அல்ல. நீர் தங்காத, சத்துக் குறைந்த இந்தச் சரளை மண்ணில் அதிகம் கேட்காமல் காய்க்கிற மரம் அது.

குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம் பக்கத்து ஓடை ஒன்றில் இறங்கி, செங்குத்தான அதன் சுவரை அருகில் நின்று பாருங்கள். மேலே ஒரு சாண் அளவுக்குக் கருஞ்சிவப்பு மண், அதில் தொங்கும் புல்வேர். அதற்குக் கீழே சரளை. இரும்பு ஏறிய உருண்டைக் கற்கள், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். இன்னும் கீழே மணற்கல், சிவப்பும் மஞ்சளும் வெண்மையும் திட்டுத்திட்டாக. நகத்தால் கீறினாலே உதிரும். உதிர்ந்ததை உள்ளங்கையில் தேய்த்தால் கண்ணாடி நிறத்தில் குவார்ட்ஸ் மணிகள் உறுத்தும், அவற்றுக்கிடையே வெள்ளைக் களிப்பொடி விரலில் ஒட்டும்.

அந்த வெள்ளைப் பொடி ஒருகாலத்தில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமாக இருந்தது. மேற்கே உள்ள பழம்பாறைகளை அரித்துக்கொண்டு வந்த ஆறுகள் அதை இங்கே சேர்த்தன. வெப்பத்திலும் மழையிலும் ஃபெல்ட்ஸ்பார் களியாகச் சிதையும்போது அதிலிருக்கும் சிலிக்காவில் ஒரு பகுதி கரைந்து நிலத்தடி நீரோடு போய்விடும். சிவப்பு நிறத்துக்கு இரும்பு காரணம். மழைக்காலத்தில் நனைந்து கோடையில் காயும் மண்ணில் இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாகி, மணல் மணிகளின் மேல் படிகிறது. காற்று எட்டாத ஆழத்துக்குப் போனால் இதே பாறை சாம்பல் நிறமாகவோ வெளிறியோ இருக்கும். நெய்வேலிச் சுரங்கத்தின் படிக்கட்டு விளிம்புகளில் மேலே சிவப்பும் கீழே சாம்பலும் கடைசியில் கருப்பும் தெரிவது இதனால்தான்.

கல்லான மரம், கரியான மரம்

முதலியார்சாவடியிலிருந்து மேற்கே, சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரை இருக்கிறது. சந்திரமௌலீசுவரர் கோயிலுக்கும் வக்கிரகாளியம்மனுக்கும் வருகிற கூட்டத்தில் பாதிப் பேர்கூடப் பக்கத்திலுள்ள கல்மரப் பூங்காவுக்குள் நுழைவதில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் 247 ஏக்கரில் பரந்திருக்கும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் அது. 1781இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சில அடிமரங்கள் 30 மீட்டர் வரை நீளம். நார் ஓட்டமும் கணுவும் பழுதில்லாமல் தெரியும். தட்டிப் பார்த்தால் கல்.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று மதிப்பிடப்படும் இந்த மரங்களுக்குக் கிளையில்லை, வேரில்லை, பட்டையில்லை. வளர்ந்த இடத்தில் சாய்ந்த மரமாக இருந்தால் இவற்றில் ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும். ஆகவே இவை வெள்ளத்தில் உருண்டு வந்து ஆற்று மணலில் புதைந்தவை என்று முடிவு கட்டினார்கள். புதைந்தபின் மணலினூடே ஓடிய நீரில் நாம் ஓடைச் சுவரில் பார்த்த அந்தச் சிலிக்கா கரைந்திருந்தது. மரத்தின் செல்களுக்குள் புகுந்து அது கெட்டியானது. மரப்பொருள் சிறிது சிறிதாகக் கழிய, அதன் வடிவம் சிலிக்காவில் நிலைத்தது.

நெய்வேலியில் மரங்களுக்கு வேறு கதி. அங்கே ஆற்றுக்குப் பதிலாகச் சதுப்பு. கடலோரத் தாழ்நிலத்தில் அசையாமல் தேங்கிய நீரில் காடு வளர்ந்து, விழுந்து, அதன் மேல் மறுபடி காடு வளர்ந்தது. தேங்கிய நீருக்கடியில் ஆக்சிஜன் இல்லாததால் மரத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் வேலையை முடிக்க முடியவில்லை. பாதி மக்கிய தாவரக் கூளம் மீட்டர் கணக்கில் குவிந்தது. பிறகு நிலம் தாழ, ஆறுகள் களியையும் மணலையும் மேலே கொட்டின. பாரம் அமுக்க, நீரும் வாயுக்களும் பிதுங்கி வெளியேறி, கரியின் பங்கு கூடியது. பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட், இந்தப் பயணத்தின் நடுவழியில் நிற்கும் பொருள். இன்னும் பல கோடி ஆண்டு அழுத்தமும் சூடும் கிடைத்திருந்தால் ஜாரியாவிலும் சிங்கரேணியிலும் வெட்டுகிற கருநிலக்கரியை ஒத்திருக்கும்.

சுரங்கத்திலிருந்து புதிதாக வந்த லிக்னைட் கட்டியைக் கையில் வாங்கினால் முதலில் தெரிவது ஈரம். எடையில் ஏறக்குறையப் பாதி நீர்தான். நிறம் அடர்பழுப்பு. வெயிலில் வைத்தால் சுருங்கி, விரிசல்விட்டு, ஏடு ஏடாக உரியும். சில கட்டிகளில் மரநார் பச்சையாகப் பிளந்த விறகில் தெரிவதைப் போலவே தெரியும். எப்போதாவது மஞ்சள் நிறப் பிசின் துணுக்கும் கண்ணில் படும். குவித்துப் போட்டுக் காற்றுப் பட விட்டால், யாரும் கொளுத்தாமலே உள்ளுக்குள் சூடேறிப் புகையத் தொடங்கும். இதற்குள் இருக்கும் மகரந்தத் தூள்களை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் அந்தக் காட்டில் பனைக் குடும்ப மரங்கள் இருந்ததை அறிந்தார்கள். படிவின் வயது பற்றி அறிஞர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. மயோசீன் காலம் என்று ஒரு தரப்பும், அதைவிடப் பழைய ஈயோசீன் என்று இன்னொரு தரப்பும் சொல்கின்றன.

சுரங்கத்தின் முதல் எதிரி

நெய்வேலிக் கதை ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1935வாக்கில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் பாசனத்துக்காகக் கிணறு தோண்டியபோது நீரோடு கரும்பழுப்பு மண்ணும் வந்தது. அவர் அதை அலட்சியமாகத் தூக்கிப் போடாமல் அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார், பின்னாளில் தம் நிலத்தையும் கொடுத்தார். நிபுணர்கள் வந்து துளையிட்டுப் பார்த்தார்கள். முதல்வராக இருந்த காமராஜர் தில்லியை வலியுறுத்தினார். 1956 நவம்பர் 14இல் நெய்வேலி லிக்னைட் நிறுவனம் பதிவானது. 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரியின் முகம் தெரிந்தது 1961 ஆகஸ்டில்தான். அடுத்த ஆண்டே சோவியத் உதவியோடு அமைந்த அனல்மின் நிலையத்தில் மின்சாரம் வந்தது.

கரியைக் கண்ணால் பார்க்க நான்கு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. தடிமனான மண்ணை அகற்ற வேண்டியிருந்தது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் நீர்.

மேற்கே செம்மேடுகளில் பெய்யும் மழையில் ஒரு பங்கு மணற்கல்லுக்குள் இறங்கி, பாறை சாயும் திசையில் கடலை நோக்கி நகர்கிறது. போகும் வழியில் களி அடுக்குகளுக்கும் கரி அடுக்குக்கும் கீழே அது மாட்டிக்கொள்கிறது. மேலேற வழியில்லாமல், பின்னாலிருந்து வரும் நீரின் பாரமும் சேர, அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. நெய்வேலியில் கரிக்கு அடியிலிருக்கும் நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி உந்துகிறது. 60, 80 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டி தன் அடித்தளத்தில் கொடுக்கும் அழுத்தம் அது. மேலே உள்ள மண்தான் இந்த உந்தலை அடக்கி வைத்திருந்தது. மண்ணை எடுத்துவிட்டால், சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பொங்கும்.

தீர்வு ஒன்றுதான். வெட்டும் இடத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகல் நிறுத்தாமல் இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டுமுகம் நகர நகரக் கிணறுகளும் நகரும். ஒருநாள் மின்சாரம் போனாலும் ஆபத்து. சுரங்கப் பொறியியலில் பெரிய சாதனை இது.

அதன் மறுபக்கத்தைச் சுற்றுவட்டாரத்து விவசாயிகளிடம் கேட்க வேண்டும். இந்த வட்டாரத்தில் துளை போட்டால் மோட்டார் இல்லாமல் தானே பொங்கிய ஊற்றுக்கிணறுகள் இருந்தன. அழுத்தம் இறங்கியதும் பொங்குவது நின்றது. பிறகு மோட்டார் வந்தது, மோட்டாரும் ஆழம் ஆழமாக இறங்கியது. சுரங்கத்திலிருந்து வெளியேற்றும் நீரில் ஒரு பகுதி மின்நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போகிறது, ஒரு பகுதி பரவனாறு வழியே வாலாஜா ஏரிக்குப் போய் வயலுக்கும் பாய்கிறது. ஒரு ஊரின் கிணறு வற்ற, இன்னொரு ஊரின் ஏரி கோடையிலும் நிரம்பியிருக்கும் விசித்திரம் நிலக்கரி நாட்டுக்கே உரியது.

தலைகீழான நிலம்

நெய்வேலியில் 1 டன் லிக்னைட் எடுக்க ஏறக்குறைய 5 முதல் 6 கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். ஈரம் மிகுந்த இந்தக் கரி 1 கிலோ எரிந்தால் சுமார் 1 யூனிட் மின்சாரம் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நம் வீட்டு மீட்டரில் ஒவ்வொரு யூனிட் ஓடும்போதும் எங்கோ பத்துக் கிலோவுக்குக் குறையாத மண் இடம் மாறியிருக்கிறது. மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடு என்றால் இரண்டு டன் மண்.

மாற்றுவது பக்கெட் வீல் என்று ஊரில் எல்லோரும் சொல்லும் ராட்சத இயந்திரம். சுழலும் சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக வாளிகள், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான லிட்டர் கொள்ளும். அவை சுரண்டும் மண் கன்வேயர் பெல்ட்டில் ஏறிக் கிலோமீட்டர் கணக்கில் பயணம் செய்து, கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் கொட்டப்படுகிறது. முன்னால் வெட்டு, பின்னால் நிரப்பு. பள்ளம் இப்படியே நிலத்தின் குறுக்கே நகர்ந்துகொண்டிருக்கும்.

நிரம்பிய பின் பார்த்தால் பழையபடி நிலம்தானே என்று தோன்றும். அங்கேதான் சங்கதி இருக்கிறது. ஓடைச் சுவரில் பார்த்த அடுக்குகளுக்கு ஒரு வரிசை இருந்தது. மேலே வேரும் மட்கும் மண்புழுவும் உள்ள ஒரு சாண் மண், அடுத்து நீரை உள்வாங்கும் சரளை, அடுத்து நீரை ஓட விடும் மணற்கல், ஓடைச் சுவர் காட்டாத ஆழத்தில் நீரைத் தேக்கும் களி. கவனிக்காமல் கொட்டினால் ஆழத்துக் களி மேலே வந்துவிடும், மேல்மண் எங்கோ அடியில் புதைந்துவிடும். மேலே வந்த களி மழையில் வழுக்கும், வெயிலில் பாளமாக வெடிக்கும். தழைச்சத்து கிடையாது, மட்கு கிடையாது, நீர் உள்ளே இறங்காது. விதை விழுந்தாலும் வேர் பிடிக்க இடமில்லை.

கரியோடு சேர்ந்து வரும் கந்தகக் கனிமங்கள் இன்னொரு தொல்லை. பைரைட் போன்றவை காற்றில்லாத ஆழத்தில் லட்சக்கணக்கான ஆண்டு சும்மா கிடக்கும். மேலே வந்து காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலமும் இரும்புத் துருவுமாக மாறும்.

இதையெல்லாம் சரிசெய்ய முடியும் என்பதும் நெய்வேலியிலேயே நிரூபணமாகியிருக்கிறது. மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்து, பள்ளம் நிரம்பியபின் மேலே பரப்பி, பசுந்தாள் உரம் மடக்கி உழுது, தொழு உரம் போட்டு, சில ஆண்டு பொறுத்தபின் நிரப்பிய நிலத்தில் மரமும் நெல்லும் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் பொறுமைதான் இந்த வேளாண்மையின் முதல் உரம். ஒரு சாண் மேல்மண் இயற்கையில் உருவாகப் பல நூறு ஆண்டு பிடிக்கும். இயந்திரம் அதைச் சுரண்ட சில நொடி போதும்.

ஊரின் சுபாவம்

நிலம் புரண்டால் மனிதரும் புரள்வார்கள். கரிக்கு மேல் இருந்த ஊர்கள் எழுந்து போயின. முந்திரித் தோப்பும் கேழ்வரகுக் கொல்லையும் இருந்த இடத்தில் நகரியம் எழுந்தது. தெருப்பெயருக்குப் பதில் அங்கே வட்டம். எந்த வட்டம் என்று கேட்டுத்தான் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். அகலமான சாலை, நிழல் மரம், பள்ளிக்கூடம், மருத்துவமனை. ஷிப்ட் முடிகிற நேரத்தை வைத்துச் சமையல் நடக்கிற வீடுகள். மதுரைக்காரரும் மலையாளியும் தெலுங்கரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர் என்றாலே நகரியம்தான்.

நகரிய எல்லையைத் தாண்டி மந்தாரக்குப்பம், வடலூர் பக்கம் வந்தால் இன்னொரு பேச்சு. நிலம் கொடுத்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள். நிரந்தர வேலை கிடைத்த வீடு, ஒப்பந்த வேலையிலேயே வயதாகிப்போன வீடு, எதுவும் கிடைக்காத வீடு என்று ஒரே தெருவில் மூன்று விதி. கொடுத்த நிலத்தின் விலையை அன்றைய ரூபாயிலும், இழந்ததின் மதிப்பை இன்றைய ரூபாயிலும் பேசுகிறார்கள். இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளிதான் இந்த ஊரின் கோபம்.

அந்தக் கோபம் 2023 ஜூலையில், நெய்வேலிக்கு அருகிலுள்ள வளையமாதேவியில் வெடித்தது. பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, நின்ற நெற்பயிருக்கு நடுவே மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். கதிர் விட்ட பயிரை அழிப்பதா என்றார்கள் உழவர்கள். விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு ஏப்ரலில், காவிரிப் படுகையைச் சேர்ந்த மூன்று பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் இருந்ததை அறிந்து தமிழ்நாடு கொதித்தெழ, மத்திய அரசு அவற்றை விலக்கிக்கொண்டது. நாட்டின் பழுப்பு நிலக்கரி வளத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. ஆகவே இது ஒரு நெய்வேலியோடு முடிகிற பேச்சும் அல்ல.

இதற்கிடையே முதல் அனல்மின் நிலையம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடி, 2020இல் நின்றுவிட்டது. கரிக்கும் ஆயுள் உண்டு, அதை எரிக்கும் உலைக்கும் ஆயுள் உண்டு.

வெட்டாமல் விட்ட பாகூர்

நெய்வேலிக்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தப் பகுதியில் லிக்னைட் தட்டுப்பட்டது. 1880களில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாகூர் பக்கத்தில் ஊற்றுநீர் தேடித் துளையிட்டபோது கரி வந்தது. புதுச்சேரிப் பகுதியின் லிக்னைட் வளம் 41 கோடி டன்னுக்கு மேல் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. இன்றுவரை அதை யாரும் வெட்டவில்லை. பாகூர் ஏரியும் அதன் கீழுள்ள நெல்வயலும் பழைய மூலநாதர் கோயிலும் கரியின் மேல் நிம்மதியாக இருக்கின்றன. ஒரே படுகையில், வெட்டினால் என்ன ஆகும், வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அக்கம்பக்கமாக இரண்டு சாட்சி கிடைப்பது அபூர்வம்.

மற்ற நாடுகள் கொடுத்த விலை

கொட்டிய மண்ணையும் நீரையும் அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் என்ற நிலக்கரிக் கிராமம் கற்பித்தது. சுரங்கக் கழிவு மண்ணை மலைச்சரிவில், நீரூற்று ஒன்றின் மேலேயே குவித்து வந்தார்கள். மழையும் ஊற்றும் சேர்ந்து மண்ணுக்குள் நீரழுத்தம் கூட, மணிகளுக்கிடையே பிடிப்பு தளர்ந்தது. 1966 அக்டோபர் 21 காலையில் குவியலின் ஒரு பெரும்பகுதி சேறாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்தவர்கள் 144 பேர், அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்த ஊற்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதியில் நெய்வேலியைப் போலவே திறந்தவெளியில் லிக்னைட் வெட்டினார்கள். ஸோர்பியர் என்ற சிறுபான்மை மக்கள் வாழும் அந்தப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இதில் முழுதாகவோ பகுதியாகவோ போயின. வெட்டி முடித்த பள்ளங்களை ஏரிகளாக்கும் வேலை அங்கே 1960களிலேயே தொடங்கியது. ஸென்ஃப்டன்பெர்க் ஏரியில் இன்று மக்கள் விடுமுறைக்குப் படகு விடுகிறார்கள். ஆனால் அதே வட்டாரத்தில் ஸ்ப்ரே ஆறு இரும்புத் துருவால் இன்னமும் பழுப்பாக ஓடுகிறது. மேலே வந்த பைரைட் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சுரங்கம் மூடினாலும் வேதியியல் ஓய்வதில்லை. இறைப்பதை நிறுத்தியதும் நிலத்தடி நீர் மெல்ல ஏறி, புரட்டிப் போட்ட மண்ணை நனைத்து, அதிலிருப்பதைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். நெய்வேலியிலும் என்றாவது ஒருநாள் மோட்டார்கள் நிற்கும். அன்று நீர் எந்த மட்டத்தில் நிற்கும், எதைக் கரைத்துக்கொண்டு வரும் என்ற கணக்கை இன்றே போட்டாக வேண்டும்.

செம்மேடு சொல்லும் பாடம்

இனி முதலியார்சாவடி மேட்டின் கதை. இங்கே சுரங்கம் இல்லாமலேயே மேல்மண் போனது. பழைய உலர் பசுமைமாறாக் காட்டை விறகுக்கும் மரத்துக்கும் தலைமுறை தலைமுறையாக வெட்டினார்கள், மிஞ்சியதை ஆடுமாடு மேய்ந்தது. மூடியிருந்த இலைக் கூரை போனதும் வடகிழக்குப் பருவமழை நேராக மண்ணில் அடித்தது. மேல்சாண் கரைந்து ஓடைகளாக அறுபட்டு, ஒவ்வொரு ஐப்பசியிலும் செந்நீர் கடலில் கலந்தது. 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் என்ற பன்னாட்டுக் குடியிருப்பு தொடங்கியபோது இந்த மேடு பெரும்பாலும் வெட்டவெளி.

அங்கே செய்த முதல் வேலை வரப்புக் கட்டியது. மழை விழுந்த இடத்திலேயே நீரை நிறுத்தினால் மண்ணும் நிற்கும் என்பது அடிப்படை. வயலைச் சுற்றிக் கரை, ஓடைக்குக் குறுக்கே தடுப்பணை, குழி வெட்டிக் கன்று. சுற்றுக் கிராமத்து ஆண்களும் பெண்களும் கூலிக்கு வெட்டிச் சுமந்த மண் அது. முதலில் எதையும் தாங்கும் ஆஸ்திரேலிய வேல மர வகைகளை வைத்தார்கள். அவை நிழலும் சருகும் கொடுத்தபின், இந்த மண்ணுக்கே உரிய வீரை, கருங்காலி, உலக்கைப்பாலை போன்றவை வந்தன. இந்த நாட்டு மரங்கள் எவை என்று அறிய வழி காட்டியவை கோயில்காடுகள். மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி, ஐயனாருக்கு அஞ்சி யாரும் கை வைக்காததால், பழைய காட்டின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. லட்சக்கணக்கில் மரம் வளர்ந்து மேடு பச்சையாக மாற அரை நூற்றாண்டு ஆயிற்று. இன்றும் அதன் ஓரங்களில் அறுபட்ட ஓடைகள் ஆறாமல் கிடக்கின்றன.

அடுக்கு வரிசை குலையாமல், மேல்சாண் மட்டும் போன நிலத்தையே மீட்க அரை நூற்றாண்டு ஆயிற்று. எழுபது எண்பது மீட்டர் ஆழத்துக்குப் புரட்டிப் போட்ட நிலத்துக்கு எவ்வளவு காலமும் உழைப்பும் பணமும் வேண்டும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். கரி விற்ற பணம் கைக்கு வந்துகொண்டிருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்கினால்தான் முடியும். சுரங்கம் மூடிய பிறகு ஊரில் வேலையும் இருக்காது, வேலைக்குப் பணமும் இருக்காது.

ஆகவே சுரங்க விரிவாக்கம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும், நிலத்துக்கு என்ன விலை என்ற கேள்வியோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். மேல்மண்ணை எங்கே குவித்து வைப்பீர்கள், எந்த ஆண்டு திரும்பப் பரப்புவீர்கள்? இறைத்த நீர் யாருக்குப் போகும், இறைப்பு நின்றபின் என்ன ஆகும்? நிரப்பிய நிலம் பயிருக்குத் தகுதியானதும் யார் பெயரில் பட்டா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத சுரங்கத்துக்கு எந்த ஊரும் சம்மதம் தரக் கூடாது.